சைக்கிள் வீலுக்கு ஒரு ஒர்க்ஷீட்

கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்வது பற்றி நீங்கள் நிறையவே படித்திருப்பீர்கள். ராம் கூட்டுவது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுவது, பவர் சப்ளை மாற்றுவது என்று பலவற்றை நீங்களே செய்தும் பார்த்திருக்கலாம். இந்த முறை ஒரு மாறுதலுக்கு, என் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளை அப்கிரேட் செய்த அனுபவத்தைத் தருகிறேன். கம்ப்யூட்டர் இதழில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நடுவில் எக்ஸெல் வருகிறது. எக்ஸெல்லில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதை ஒரு சைக்கிள் கடைக்காரர் கால்குலேட்டர்கூட இல்லாமல் கண்டுபிடித்தார்.

மதுரை திருநகரில் இருந்து அலுவலகத்திற்குச் சென்று திரும்ப எனக்குத் தினமும் 14 கிலோ மீட்டர். என் எடை 90 கிலோ. முதுகில் லேப்டாப் பை. வண்டி 26 இன்ச் வீல் கொண்ட சாதாரண கியர் சைக்கிள். பின்னால் 7 பல்சக்கரங்கள். ஒரு நாள் மாலை பழங்காநத்தம் ரவுண்டானா அருகே பெடலை அழுத்தி மிதித்தபோது "டக்" என்று ஒரு சத்தம். பின் வீல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேம் மீது உரசி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் உடனே பிரேக் அடித்தார். அதனால்தான் இதை உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன். வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்ப் பார்த்தால், பின் ஆக்ஸில் இரண்டாக ஒடிந்திருந்தது.

ஒரே ஆண்டில் இது இரண்டாவது ஆக்ஸில். அதற்கிடையில் ஐந்து போக்ஸ் கம்பிகளும் அறுந்திருந்தன. வீட்டில் "புது வண்டி வாங்குங்கள், இல்லை பஸ்ஸில் போங்கள்" என்று இறுதி எச்சரிக்கை வந்துவிட்டது. பிரேமில் எந்தக் குறையும் இல்லை. மதர்போர்டு நன்றாக இருக்கும்போது பவர் சப்ளைக்காக முழுக் கம்ப்யூட்டரையும் தூக்கிப் போடுவோமா? பின் வீலை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஆக்ஸில் ஏன் ஒடிகிறது?

விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பின் ஹப்பின் மீது ஃப்ரீவீல் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். ஏழு பல்சக்கரங்களும் அந்த ஃப்ரீவீலில் இருக்கின்றன. அதற்கு இடம் விட வேண்டும் என்பதால், வலது பக்க பால்ரஸ் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் தள்ளி அமைந்துவிடுகின்றன. அங்கிருந்து பிரேம் வரை உள்ள தூரத்தில் 10 மி.மீ. கனமுள்ள ஆக்ஸில் எந்தத் தாங்கலும் இன்றி நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய குச்சியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடுவில் எடையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்ஸில் சிறிது வளைந்து நிமிர்கிறது. ஒரு நாள் ஒடிகிறது.

இதற்கு மாற்று, கேசட் வகை ஹப். ஷிமானோ நிறுவனம் 1978ல் இந்த அமைப்பை ஃப்ரீஹப் என்ற பெயரில் கொண்டு வந்தது. இதில் ஒரு பக்கம் மட்டும் மிதித்து மறுபக்கம் சும்மா சுற்றும் அமைப்பு ஹப்பின் அங்கமாகவே இருக்கும். பல்சக்கரத் தொகுப்பான கேசட்டை அதன் மீது செருகி மூடியைத் திருகினால் போதும். வலது பக்க பேரிங் பிரேமுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் ஆக்ஸில் மீது வளைக்கும் விசை வெகுவாகக் குறைகிறது. என்னைப் போன்ற கனமான ஆசாமிகள் கியர் வண்டியில் செய்ய வேண்டிய முதல் அப்கிரேட் இதுதான் என்பேன். பலர் முதலில் கியர் மாற்றும் டிரெய்லரைத்தான் மாற்றுகிறார்கள். பளபளப்பாக இருக்கும், ஆனால் ஒடிகிற ஆக்ஸில் ஒடிந்துகொண்டேதான் இருக்கும்.

கேசட்டுக்கு மாறினால் கியர் மாற்றும் லிவரையும் மாற்ற வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம். 8, 9, 10 பல்சக்கரங்களுக்கான ஷிமானோ வகை ஃப்ரீஹப்பில் 7 பல்சக்கரக் கேசட்டை மாட்ட, பின்னால் 4.5 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் போட்டால் போதும். பழைய லிவர் அப்படியே வேலை செய்கிறது.

26 என்பது எத்தனை?

ஹப் வாங்கும் முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான டயர் போட்டால் மிதிக்க எளிதாக இருக்குமே என்று, 26 இன்ச் என்று எழுதியிருந்த ஒரு ஜோடி டயரை ஆன்லைனில் வாங்கினேன். என் பழைய டயரில் 26x1.95 என்று இருந்தது. புதியதில் 26x1⅜. இரண்டும் 26தானே? ரிம்மில் மாட்டினால் அப்பா சட்டையைப் பிள்ளைக்குப் போட்டதைப் போலத் தொளதொளவென்று தொங்கியது.

டயரில் உள்ள இன்ச் கணக்கு, டயரின் வெளி விட்டத்தை உத்தேசமாகச் சொல்லும் பழைய வழக்கம். ரிம்மில் உட்காரும் இடத்தின் அளவை அது சொல்வதில்லை. தசமத்தில் எழுதிய 26x1.95 உட்காரும் விட்டம் 559 மி.மீ. பின்னத்தில் எழுதிய 26x1⅜ உட்காரும் விட்டம் 590 மி.மீ. 31 மி.மீ. வித்தியாசம். இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1.75ம் 1¾ம் கணக்கில் ஒன்றுதான். எக்ஸெல்லைக் கேட்டாலும் ஒன்று என்றே சொல்லும். ஆனால் 26x1.75 டயர் 559; 26x1¾ டயர் 571. ஒன்று மற்றதில் ஏறாது.

எனவே இன்ச்சை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தேடுங்கள். 47-559 என்றால் டயரின் அகலம் 47 மி.மீ., உட்காரும் விட்டம் 559 மி.மீ. இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால் மட்டுமே டயர் ரிம்மில் சேரும். நம் ஊர்ப் பெரிய வண்டியின் 28x1½ என்பது 635. ரோடு பைக், ஹைபிரிட் வண்டிகளின் 700சி என்பது 622. 29 இன்ச் என்று விற்கப்படும் மலை சைக்கிள் வீலும் அதே 622தான். 27.5 என்பது 584. சிறுவர்களின் 24 இன்ச் கியர் வண்டி பெரும்பாலும் 507. அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து 2008ல் மறைந்த ஷெல்டன் பிரவுன் இந்த அளவுகளைப் பொறுமையாக அட்டவணை போட்டு இணையத்தில் வைத்தார். அவரது தளம் இன்றும் இருக்கிறது. டயர் வாங்கும் முன் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஹப்பிற்கு முக்கியமான அளவு அதன் அகலம். பின் வீலைக் கழற்றிவிட்டு, பிரேமின் இரு பக்கத் தகடுகளுக்கு இடையே உள்ள உள் தூரத்தை அளந்திடுங்கள். என் வண்டியில் 135 மி.மீ. பழைய ரோடு பைக்குகளில் 126 அல்லது 130 இருக்கலாம். இரும்பு பிரேம் என்றால் சில மில்லி மீட்டர் விரித்துக்கொள்ளலாம். அலுமினிய பிரேமை விரிக்க முயல வேண்டாம். டிஸ்க் பிரேக்கும் நட்டு இல்லாத த்ரூ ஆக்ஸிலும் கொண்ட புதிய வண்டிகளின் அளவுகள் முற்றிலும் வேறு. அவற்றின் வீலை இதுபோன்ற வண்டிக்கு மாற்றிப் போட முடியாது.

கம்பியின் நீளம்

36 ஓட்டையுடன் கேசட் ஹப்பும், அதே 36 ஓட்டையுடன் இரட்டைச் சுவர் கொண்ட 559 ரிம்மும் வாங்கியாயிற்று. இனி கம்பிகள். எங்கள் பகுதியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் வீல் கோக்கக் கொடுத்தேன். அவர் பழைய வீலில் இருந்து ஒரு கம்பியைக் கழற்றி, "இதே மாதிரி 36 வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார். எனக்குச் சந்தேகம். பழைய ரிம் ஒற்றைத் தகடு. புதியதில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிள் உட்காரும் இடம் மையத்தை நோக்கிச் சில மில்லி மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. ஹப்பும் வேறு. பழைய அளவு எப்படிப் பொருந்தும்? கம்பி நீளமாக இருந்தால் மரை முடிந்து நிப்பிள் இறுகாது. குட்டையாக இருந்தால் நிப்பிளில் மரை போதுமான அளவு பிடிக்காது. இதை எக்ஸெல்லில் கணக்கிட்டுக் காட்டுகிறேன் என்று வீட்டிற்கு வந்தேன்.

தேவையான அளவுகள் ஐந்து. முதலாவது, ரிம்மில் எதிரெதிரே இருக்கும் இரண்டு நிப்பிள் தலைகளுக்கு இடையே உள்ள விட்டம். இது டயர் உட்காரும் 559 அல்ல, அதைவிடக் குறைவு. இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மி.மீ. நீளத்திற்கு வெட்டி, எதிரெதிர் ஓட்டைகளில் நிப்பிள் போட்டு, கம்பியின் முனை நிப்பிளின் தலை மட்டத்திற்கு வரும்வரை திருகி, நடுவில் மிஞ்சும் இடைவெளியை அளந்து 400ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு 540 வந்தது. இரண்டாவது, ஹப்பின் விளிம்பில் கம்பி கோக்கும் ஓட்டைகளின் வட்ட விட்டம்: 45. மூன்றாவது, ஹப்பின் நடுவில் இருந்து அந்த விளிம்பு வரை உள்ள தூரம்: இடது பக்கம் 36, கேசட் இருக்கும் வலது பக்கம் 21. நான்காவது, மொத்தக் கம்பிகள்: 36. ஐந்தாவது, ஒரு கம்பி அதே பக்கத்தின் எத்தனை கம்பிகளைக் குறுக்கே கடக்கிறது: 3.

இப்போது எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, பி1ல் 270 (540ல் பாதி), பி2ல் 22.5 (45ல் பாதி), பி3ல் 36 (இடது பக்கத் தூரம்), பி4ல் 36 (கம்பிகள்), பி5ல் 3 என்று டைப் செய்திடுங்கள். பி6ல் கோணம் வர வேண்டும்: 720ஐ பி5ஆல் பெருக்கி பி4ஆல் வகுக்கவும். 60 டிகிரி கிடைக்கும். பி7ல், பி1, பி2, பி3 மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி, அதில் இருந்து "2 பெருக்கல் பி1 பெருக்கல் பி2 பெருக்கல் பி6ன் கொசைன்" என்பதைக் கழிக்கவும். பி8ல் பி7ன் வர்க்க மூலத்தை எடுத்து 1.3ஐக் கழிக்கவும். இந்த 1.3 என்பது 2.6 மி.மீ. உள்ள ஹப் ஓட்டையில் பாதி. விடைதான் கம்பியின் நீளம். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கேதான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

எனக்கு இடது பக்கம் 292, வலது பக்கம் 291 என்று வந்தது. புரோகிராம் எழுதுபவர்கள் டெஸ்ட் செய்யாமல் விடுவார்களா? பி5ல் 3க்குப் பதில் 0 கொடுத்தேன். கம்பிகள் குறுக்கே போகாமல் ஹப்பில் இருந்து ரிம்முக்கு நேராகச் சென்றால் என்ன நீளம் வரும் என்று பார்க்க. 249 வந்தது. டேப்பை வைத்து அளந்தேன், அதேதான். ஆஹா, பார்முலா பாஸ் என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணன் பேப்பரைப் பார்த்தார். "292ன்னா எத்தனை இன்ச்?" பதினொன்றரை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல், பெரிய வண்டிக் கம்பி ஒன்றை எடுத்து, தரையில் கிடந்த என் ரிம்மின் உள்ளே ஒரு ஓட்டையில் இருந்து நடுவை நோக்கி வைத்தார். நடுவில் ஹப் இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டிக் கம்பி நீண்டது. "தம்பி, ரிம்முல பாதிய விடக் கம்பி நீளமா இருந்தா அத எங்க கொண்டுபோய் மாட்டுறது?" என்றார்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து போனில் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எக்ஸெல்லின் காஸ் பங்க்ஷனுக்கு டிகிரி தெரியாது. அது எந்த எண்ணைக் கொடுத்தாலும் ரேடியன் என்றே எடுத்துக்கொள்ளும். நான் 60 டிகிரி என்று நினைத்துக் கொடுத்ததை 60 ரேடியன் என்று எடுத்து, 0.5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.95 போட்டுவிட்டது. கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டது. என் டெஸ்ட் இதை ஏன் பிடிக்கவில்லை? 0 டிகிரியும் 0 ரேடியனும் ஒன்றுதானே! தவறு தெரியவே தெரியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து டெஸ்ட் செய்திருக்கிறேன்.

பி6ஐ நேரடியாகத் தராமல் ரேடியன்ஸ் பங்க்ஷனுக்குள் போட்டு, பிறகு காஸ் பங்க்ஷனுக்குக் கொடுத்தவுடன் இடது 260.7, வலது 259.0 என்று மாறியது. அண்ணன் காட்டிய மாதிரிக் கம்பியை அளந்தால் 265. ஆக, என் சந்தேகமும் சரிதான். அவரிடம் சொன்னபோது, "அப்படியா" என்றதோடு சரி. முழு எண்ணாகச் சரியான நீளம் கிடைக்கவில்லை. 260ம் 258ம் கிடைத்தன. ஒரு மில்லி மீட்டர் குறைந்தால் பாதகம் இல்லை.

கம்பியின் குரல்

வலது பக்கக் கம்பி ஏன் குட்டை? கேசட்டுக்கு இடம் விட்டு வலது விளிம்பு உள்ளே தள்ளி இருக்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டும் என்றால் வலது பக்கக் கம்பிகள் அதிக இறுக்கத்தோடு இழுக்க வேண்டும். இந்த ஹப்பில் இடது பக்க இறுக்கம் வலதில் சுமார் 60 சதவீதம்தான். பின் வீலில் தொல்லைகள் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஹ்யூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் இன்ஜினியராகப் பணியாற்றிய ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981ல் சைக்கிள் வீல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு கம்பியிலும் எடை எப்படிப் பரவுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு அதில் காட்டினார். நாம் ஏறி உட்காரும்போது மேலே இருக்கும் கம்பிகளின் இறுக்கம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. தரையை ஒட்டி இருக்கும் சில கம்பிகள் மட்டுமே இறுக்கம் குறைகின்றன. அதாவது வீல் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. என் வீலின் சுற்றளவு ஏறக்குறைய 2.05 மீட்டர். 14 கிலோ மீட்டருக்குச் சுமார் 6,800 முறை. முதலிலேயே இறுக்கம் போதாத கம்பி, கீழே வரும்போது முழுக்கத் தளர்ந்து, வளைவில் ஆட்டம் கொடுத்து, நாளடைவில் அறுகிறது. எனவே தடிமனான கம்பியைத் தேடுவதைவிட, கோப்பவர் சீராக இறுக்குகிறாரா என்று பாருங்கள்.

அண்ணன் கோத்து முடித்து, ஜோடி ஜோடியாகக் கம்பிகளைக் கையால் அழுத்திப் பிடித்து விட்டு, ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நான் போனில் கிடார் சுருதி பார்க்கும் இலவச அப்ளிகேஷனைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஒரே பக்கத்துக் கம்பிகளின் சத்தத்தை ஒப்பிட இது நன்றாகவே உதவுகிறது. அவர் தலையை ஆட்டி நிறுத்திய இரண்டு கம்பிகளிலும் என் போனிலும் முள் கீழே இறங்கியது. கம்பிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால், இந்த எண்ணை வைத்து இறுக்கம் இத்தனை கிலோ என்று சொல்ல முயல வேண்டாம்.

எங்கே செலவு செய்யலாம்?

எடை குறைந்த விலை உயர்ந்த வீல் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரிம்மில் குறையும் எடை, வேகம் எடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனால் 200 கிராம் குறைந்தால் இரு மடங்கு 400 கிராம். நானும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல். அரை சதவீதம்கூட இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் கட்டைகளும் வாங்கலாம். எங்கள் பக்கம் கருவேல முள் அதிகம், 47 மி.மீ. அகலத்தில் உள்ளே முள் தடுக்கும் பட்டை கொண்ட டயர் போட்ட பிறகு பஞ்சர் வெகுவாகக் குறைந்தது.

ஹேண்டில்பாரில் வயர் வைத்த சைக்கிள் கம்ப்யூட்டர் இருந்தால், டயர் மாற்றியவுடன் அதில் வீல் சுற்றளவையும் மாற்றிடுங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி, வீல் ஒரு முழுச் சுற்று உருளும் தூரத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து மில்லி மீட்டரில் அளந்து கொடுத்தால் போதும்.

புது வீலில் முதல் 100 கிலோ மீட்டர் ஓட்டியதும் ஒரு முறை கோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் லேசாக ஆடியது. அண்ணன் ஐந்து நிமிடத்தில் சரி செய்தார். கூலியுடன் சேர்த்து மொத்தச் செலவு நான்காயிரத்திற்குள் அடங்கியது, அந்தத் தொளதொள டயர்கள் நீங்கலாக. பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆக்ஸில் ஒடியவில்லை, கம்பி ஒன்றும் அறவில்லை.

சென்ற வாரம் அண்ணனிடம் இருந்து போன். யாரோ ஒரு கல்லூரி மாணவனின் 700சி வீல், 32 ஓட்டை. ஐந்து அளவுகளையும் வரிசையாகச் சொன்னார். ஒர்க்ஷீட்டில் போட்டு நீளத்தைச் சொன்னேன். "இருங்க, ரிம்முல வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.